சுரங்கப்பாதை மூடிய நகரத்தில்: ஹாங்காங் நாட்குறிப்பு, நவம்பர் 2019

நவம்பர் 10, ஞாயிறு

கவுலூன் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் ஹங் ஹாம் என்றொரு பகுதி இருக்கிறது. அதில் நகைத் தொழில் நடப்பது மான் யூ தெரு, ஹொக் யூன் தெரு என்று நாலைந்து தெருக்களில்தான். வெளியே பார்த்தால் கறை படிந்த தொழிற்கூடக் கட்டடங்களும் சரக்கு லாரிகளும் மட்டுமே தெரியும். உள்ளே மாடிக்கு மாடி நகைப் பட்டறைகள், கல் வியாபாரிகள், மெருகு போடுகிறவர்கள், முத்து கோக்கிறவர்கள். உலகத்தின் நகைக் கடைகளுக்குப் போகும் சரக்கில் ஒரு பங்கு இந்தத் தெருக்களைத் தொட்டுத்தான் போகிறது. காயல்பட்டினத்துக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஊரில் இரத்தினக் கல் வியாபாரம் செய்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய அலுவலகத்துக்குக் கல் தரம் பிரித்து ஜோடி சேர்த்துக் கொடுக்க வந்திருக்கிறேன். நான் திருச்சிக்காரன், கல் பட்டை தீட்டும் குடும்பத்தில் பிறந்தவன். கிறிஸ்துமஸுக்கு முன் கப்பலேற வேண்டிய ஆர்டர் இது. தாமதம் என்றால் வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

'இந்த நேரத்தில் அங்கே ஏன் போகிறாய்' என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கேள்வியில் நியாயம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சீனப் பெருநிலத்துக்கும் அனுப்பிவைக்க வழிசெய்யும் ஒரு சட்ட மசோதாவை எதிர்த்து ஜூன் 9 அன்று பத்து லட்சம் பேர் தெருவில் இறங்கினார்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அது ஏறக்குறைய இருபது லட்சம் என்றார்கள். போலீஸ் கணக்கு இதைவிட மிகக் குறைவு. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், 75 லட்சம் பேர் வாழும் ஊருக்கு அது பெரிய கூட்டம். நிர்வாகத் தலைவர் கேரி லாம் மசோதாவை விலக்கிக்கொள்வதாகச் செப்டம்பரில் அறிவித்தார், அக்டோபர் 23 அன்று முறைப்படி விலக்கினார்கள். அதற்குள் கோரிக்கைகள் ஐந்தாகிவிட்டன. மசோதாவைக் கைவிடுவது, போராட்டத்தைக் கலவரம் என்று முத்திரை குத்தியதைத் திரும்பப் பெறுவது, கைதானவர்களை விடுவிப்பது, போலீஸ் நடவடிக்கை மீது சுதந்திரமான விசாரணை, எல்லோருக்கும் முழு வாக்குரிமை. ஐந்து விரல்களையும் விரித்து உயர்த்தினால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஐந்தில் ஒன்றும் குறையக் கூடாது.

வெள்ளிக்கிழமை ஒரு மாணவர் இறந்துபோனார். 4ஆம் தேதி அதிகாலை, போலீஸ் கண்ணீர்ப் புகை வீசிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்திலிருந்து விழுந்தவர். எப்படி விழுந்தார் என்பது இன்னும் துலங்கவில்லை. நாளை காலை நகரத்தை நிறுத்த வேண்டும் என்று அழைப்பு விடுத்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு எதிர் அடுக்குமாடியின் ஜன்னல்களிலிருந்து முழக்கம் எழுகிறது. ஒருவர் தொடங்க, முகம் தெரியாத இன்னொருவர் வேறொரு மாடியிலிருந்து முடித்துவைக்கிறார். ஆகஸ்டிலிருந்து தினமும் இப்படித்தான் என்கிறார் விடுதிக்காரர்.

நவம்பர் 11, திங்கள்

காலை ஏழரைக்குள் செய்தி வந்துவிட்டது. துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், ஹாங்காங் தீவின் சாய் வான் ஹோவில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் 21 வயது இளைஞர் ஒருவரை மிக அருகில் நின்று சுட்டிருக்கிறார். காணொளியில் எல்லாம் தெரிகிறது. அந்தப் பையன் கையில் ஆயுதம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

என் முதலாளியைக் காயல் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், நான் காக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். எண்பதுகளில் இங்கு வந்தவர். அவர் போனில் சொன்னது: "தம்பி, ரயிலை நம்பாதீர்கள். கடற்கரை ஓரமாக நடந்து வந்துவிடுங்கள். பெரிய சாலைப் பக்கம் தலை காட்ட வேண்டாம்."

நான் தங்கியிருக்கும் சிம் ஷா சுய்யிலிருந்து ஹங் ஹாமுக்குத் துறைமுகத்தை ஒட்டி நடைபாதை இருக்கிறது. முக்கால் மணி நேர நடை. வழக்கமாக ஓடுகிறவர்களும் சுற்றுலாப் பயணிகளும் இருக்கும் பாதை. இன்று அலுவலக உடையில் ஒரு நீண்ட வரிசையே போய்க்கொண்டிருந்தது. குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விளையாட்டுக் காலணியோடு நடக்கும் பெண்கள், மடிக்கணினிப் பை மாட்டியவர்கள், சமையல்காரர் உடுப்பில் ஒருவர். யாரும் ஓடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. எதிரே வருகிறவரை நிறுத்தி அந்தப் பக்கம் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறார்கள். நம் ஊரில் பந்த் என்றால் பஸ் ஓடாது, கடை அடைப்பு, வீட்டில் இருந்துவிடுவோம். இங்கே கடை திறந்திருக்கிறது, அலுவலகம் திறந்திருக்கிறது, போகும் வழி மட்டும் இல்லை. வேலைக்கு வந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அப்படியே நிற்கிறது.

மதியம் தீவின் சென்ட்ரல் பகுதியில், வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் இருக்கும் பெடர் தெருவில், சாப்பாட்டு இடைவேளைக்கு இறங்கிவந்த ஊழியர்கள் நடுவே கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. மா ஆன் ஷானில் போராட்டக்காரர்களோடு வாக்குவாதம் செய்த ஒருவர் மீது எரிதிரவத்தை ஊற்றித் தீ வைத்திருக்கிறார்கள். அந்தக் காணொளியை நான் முழுதாகப் பார்க்கவில்லை. துப்பாக்கியால் சுட்டதற்கு இது பதில் என்று யாராவது சொன்னால் அவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

மாலையில் கேரி லாம் தொலைக்காட்சியில் தோன்றி, கலவரம் செய்கிறவர்கள் மக்களின் எதிரிகள் என்றார். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு தொல்லைக்குப் பிறகு இந்த ஊர் மக்கள் யாரை எதிரி என்று நினைக்கிறார்கள்? இங்கே இருக்கும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்கப்போகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

வேலை ஓடவில்லை. நிறக் கல்லை வடக்கு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், பதற்றம் இல்லாத கண்ணோடு பார்க்க வேண்டும். வெளிச்சம் இருந்தது, மற்றது இல்லை. நீலக்கல் ஜோடி ஒன்றை மூன்று முறை பிரித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தேன்.

எங்கள் கணக்காளர் தாய் போவிலிருந்து வருகிறவர், ஐம்பது வயதுப் பெண்மணி. ரயில் நடுவழியில் நின்றுவிட, பயணிகள் இறங்கித் தண்டவாளத்தின் மேலேயே நடந்திருக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு அலுவலகம் வந்து சேர்ந்தார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்து என் கேள்வியைக் கேட்டேன். முதலில் ஒரு குவளை தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"கால் வலிக்கிறது. கோபமும் இருக்கிறது. ஆனால் என் ரயிலை நிறுத்திய பையன் மேல் எனக்கு வருகிற கோபம் வீட்டுக்குப் போனால் ஆறிவிடும். அரசாங்கத்தின் மேல் இருப்பது ஜூனிலிருந்து ஆறவில்லை."

அவருடைய அக்காள் மகன் போலீஸ்காரராம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜூலைக்குப் பிறகு பிறந்தநாள் வாழ்த்துகூட யாரும் போடுவதில்லை என்றார்.

ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் இன்று மாலை முதல் போர்க்களம். பாலத்தின் ஒரு பக்கம் போலீஸ், மறுபக்கம் மாணவர்கள். இரவு முழுக்கத் தொலைபேசித் திரையில் தீ.

நவம்பர் 14, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. பள்ளிகளை எல்லாம் மூடிவிட்டார்கள். கணக்காளர் வரவில்லை. தாய் போவிலிருந்து ரயிலும் இல்லை, நெடுஞ்சாலையும் மறிக்கப்பட்டிருக்கிறது.

துறைமுகத்துக்கு அடியில் ஹங் ஹாமையும் தீவையும் இணைக்கும் சுரங்கச் சாலையை மூடிவிட்டார்கள். 1972இல் திறந்தது, ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் போகிற வழி. அதன் சுங்கச்சாவடி எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்துபோகும் தூரம். பக்கத்திலேயே பாலிடெக்னிக் பல்கலைக்கழகம், செங்கல் நிறக் கட்டடங்கள். மாணவர்கள் அதைத் தங்கள் கோட்டையாக்கி, சுங்கச்சாவடிகளுக்குத் தீ வைத்திருக்கிறார்கள். மேற்கு ஜன்னலில் புகை தெரிகிறது. தீவுக்குப் போக இன்னும் இரண்டு சுரங்கச் சாலைகள் உண்டு, இரண்டிலும் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன.

சரக்குக்காரனுக்கு இதன் பொருள் என்ன என்று சொல்கிறேன். கல்லைக் காகித மடிப்பில் வைத்து, அதன் மேல் எடையும் எண்ணிக்கையும் எழுதி, பாதுகாப்பு வண்டியில் தீவுக்கு அனுப்புவோம். அந்த வண்டி வராது என்று சொல்லிவிட்டார்கள். கையில் எடுத்துப் போகலாம். ஆனால் கலவரத்தில் தொலைந்தால் காப்பீடு கிடைக்காது என்று ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் இருக்கிறது. எங்கள் மாடியிலேயே சின்னப் பட்டறை ஒன்று இந்த வாரம் ஆட்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டது, சம்பளம் இல்லாத விடுமுறை. மெருகு போடும் வயதான தொழிலாளி ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவரிடமும் என் கேள்வியைக் கொண்டு போனேன். கட்டடக் காவலாளிதான் மொழிபெயர்த்தார். "மாணவன் ஒரு வருடப் படிப்பை இழப்பான், நான் இந்த மாத வாடகையை இழப்பேன். கேட்கிறவர்கள் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்." எழுதிவிட்டேன் ஐயா.

ஷியுங் சுய்யில் நேற்று, சாலையில் கிடந்த செங்கற்களை அகற்ற முயன்றவர்களுக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர், 70 வயது, சாப்பாட்டு இடைவேளையில் அங்கே நின்றிருந்தவர், தலையில் செங்கல் பட்டு இன்று இரவு இறந்துவிட்டார். எழுபது வயதில் துப்புரவு வேலைக்குப் போக வேண்டியிருந்த ஒருவர். இந்த நகரத்தின் வாடகையையும் முதியவர்களின் வறுமையையும் பற்றி எத்தனை பேர் எழுதினாலும் இந்த ஒரு மரணத்தில் அது முழுதும் இருக்கிறது. ஐந்து கோரிக்கைகளில் எதுவும் அவரைத் திருப்பித் தராது. அவரை வைத்து அரசு இப்போது ஒழுக்கம் பேசுவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் துப்புரவு வேலை செய்த வருடங்களில் அவருக்காகப் பேசியவர்கள் யார்?

நவம்பர் 15, வெள்ளி

ஒரு மாதிரிக் கல் பொதியைச் சென்ட்ரலில் கொடுத்தே ஆக வேண்டும். சுரங்கச் சாலையை மறந்துவிட்டு ஸ்டார் படகில் போனேன். மூன்று ஹாங்காங் டாலர்கூட ஆகாத டிக்கெட். நின்றுகொண்டு போகும் அளவுக்கு இந்தப் படகில் கூட்டத்தை முன்பு வந்தபோது நான் பார்த்ததில்லை.

மதியம் ஒரு மணிக்குச் சென்ட்ரல் தெருக்களில் நின்றேன். திங்கள் முதல் தினமும் இதே நேரத்தில் கூடுகிறார்களாம், 'உன்னோடு மதிய உணவு' என்று பெயர். கழுத்துப்பட்டை கட்டியவர்கள், அலுவலக அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டவர்கள், முகமூடி அணிந்த நடுத்தர வயதுப் பெண்கள். முகமூடிக்குத் தடை போட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, கூட்டத்தில் பாதிப் பேர் முகத்தை மூடியிருந்தார்கள். சிலர் கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல்லைச் சாலையில் அடுக்கினார்கள். இரண்டு செங்கல்லை நிறுத்தி மேலே ஒன்றைப் படுக்க வைத்தால் ஒரு சின்ன வாசல் மாதிரி நிற்கும். வண்டிச் சக்கரம் மேலே இருப்பதைத் தட்டிவிட்டால், நிற்கும் இரண்டும் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிடும் என்று ஒரு இளைஞர் விளக்கினார். இரண்டு மணிக்குக் கூட்டம் பிரிந்து மின்தூக்கிகளுக்குள் போய்விட்டது.

அரசு 'மக்களின் எதிரிகள்' என்று சொன்னபோது மனத்தில் வைத்திருந்தது கறுப்புச் சட்டை போட்ட இருபது வயதுக்காரர்களை. இங்கே நான் பார்த்தவர்கள் வீட்டுக் கடன் கட்டுகிறவர்கள்.

காக்கா மதியம் ஜும்ஆ தொழுகைக்குப் போய் வந்திருந்தார். மாலையில் தேநீரோடு பேசிக்கொண்டிருந்தோம். நேதன் சாலையில் இருக்கும் கவுலூன் பள்ளிவாசல் 1896இல் பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய முஸ்லிம் வீரர்களுக்காக எழுந்தது. இப்போதைய கட்டடம் 1984இல் வந்தது. அக்டோபர் 20 அன்று அதன் வாசல் மீதே போலீஸ் வண்டி நீலச் சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது. அதற்கு நாலு நாள் முன்பு பேரணி அமைப்பாளர் ஜிம்மி ஷாமைச் சிலர் சுத்தியலால் தாக்கியிருந்தார்கள். தாக்கியவர்கள் தெற்காசியர்கள் என்று பேச்சு பரவி, அதே சாலையில் கடைகளும் மலிவு விடுதிகளும் நிறைந்த சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் இருக்கும் நம்மவர்களும் பாகிஸ்தானியர்களும் பழிவாங்கலுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன நடந்தது தெரியுமா தம்பி? நம் பிள்ளைகள் கட்டட வாசலில் நின்று பேரணிக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தார்கள். அவர்கள் கைதட்டிக்கொண்டு போனார்கள். சாயம் பட்ட பிறகு பள்ளிவாசல் வாசலைத் துடைக்கச் சீனப் பிள்ளைகளும் துணியோடு வந்தார்கள். மறுநாள் கேரி லாமே வந்து மன்னிப்புக் கேட்டார்."

"அப்படியென்றால் நீங்கள் யார் பக்கம் காக்கா?"

"நான் கல் வியாபாரி. இந்த ஊர் எனக்குச் சோறு போட்டது. கடையை மூட வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, பிள்ளைகளை அடிக்கிறவர்களையும் பிடிக்காது. என் மாதிரி ஆட்கள் இந்த ஊரில் வாய் திறக்காமல் இருந்துதான் இத்தனை காலம் பிழைத்தோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. அதை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

நவம்பர் 16, சனி

பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம் அருகே இருக்கும் முகாமிலிருந்து சீன ராணுவ வீரர்கள் பச்சை டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையுமாக வெளியே வந்து சாலையில் செங்கல் பொறுக்கியிருக்கிறார்கள். கையில் இருந்தது வாளிதான். ஊர் அதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. விடுதிக்காரர் தன் பெட்டியில் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

நவம்பர் 18, திங்கள்

தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது போலீஸ். உள்ளே பல நூறு பேர். அம்பு ஒன்று ஒரு போலீஸ் அதிகாரியின் கெண்டைக்காலில் பாய்ந்தது. மேம்பாலத்தில் போலீஸின் கவச வாகனம் பெட்ரோல் குண்டுகளில் பற்றி எரிந்தது. இன்று விடியும் முன் வளாகத்தின் வாசலில் பெரிய தீ. வெளியேற முயன்றவர்களைக் கண்ணீர்ப் புகை திரும்ப உள்ளே துரத்தியது. கடற்கரை நடைபாதைக்குப் போகும் வழியிலும் போலீஸ் தடுப்பு. "வராதீர்கள்" என்று காக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மாலை நேதன் சாலையில் இறங்கினேன், ஜோர்டான் வரை. நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, பார்த்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். சாலையின் நடுவே மக்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. பின்னாலிருந்து முன்னால் பொருள்கள் கைமாறிப் போகின்றன: குடை, தலைக்கவசம், தண்ணீர், செங்கல், உப்புக் கரைசல், கத்தரிக்கோல். என்ன தேவை என்பது முன்னாலிருந்து கைச்சைகையாகப் பின்னால் வருகிறது. இரண்டு கையையும் தலைமேல் வைத்தால் தலைக்கவசம், கண்ணைச் சுற்றி விரலை வளைத்தால் கண்ணாடி. வரிசையில் எனக்கு எதிரே பள்ளிச் சீருடைக் கால்சட்டையோடு ஒரு பெண்பிள்ளை, அவளுக்கு அடுத்து என் தாயின் வயதில் ஒருவர். அந்த அம்மாள் காய்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டுக் குடைகளை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பையில் கீரை எட்டிப் பார்த்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் நின்றிருக்கிறார்.

சாலையின் முன்முனையில் எறியப்பட்டவை வெறும் குடைகள் அல்ல என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் குண்டுகளும் போயின. செங்கல்லைக் கைமாற்றிய அத்தனை பேரும் அது எங்கே போய் விழும் என்பதை அறிந்தே கொடுத்தார்கள். உள்ளே சிக்கியிருப்பவர்களை மீட்க வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அந்தத் தெருவில் இருந்தது. வயதும் வேலையும் மறந்து ஒரு நகரம் தன் பிள்ளைகளுக்காக இப்படி நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்தது. ஷியுங் சுய்யில் விழுந்த அந்தச் செங்கல்லையும் அதே நேரத்தில் நினைத்துக்கொண்டேன். இரண்டில் எதையும் நான் விட்டுவிட முடியாது.

ஒன்பது மணிக்குமேல் போலீஸ் வண்டிகள் வேகமாக வந்தன. கூட்டம் யாவ் மா தெய் பக்கம் ஓடியது. நான் பக்கத்துச் சந்தில் ஒரு மருந்துக் கடைக்குள் புகுந்தேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே வந்த எங்கள் எல்லோருக்கும் கண் கழுவத் தண்ணீர் கொடுத்தார். ஒருவரிடமும் பெயர் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்தின் நடைமேம்பாலத்திலிருந்து கயிறு கட்டி இறங்கிய சிலரைக் கீழே காத்திருந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் ஏற்றிக்கொண்டு போனதாகச் செய்தி, படமும் வருகிறது. தடுப்பின் முன்னால் பெற்றோர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதே நாளில்தான் முகமூடித் தடை அரசமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

நவம்பர் 20, புதன்

பள்ளிகள் பெரும்பாலும் திறந்துவிட்டன. திங்கள் நள்ளிரவில் பள்ளித் தலைமையாசிரியர்களும் முன்னாள் சட்டமன்றத் தலைவர் ஜாஸ்பர் சாங்கும் வளாகத்துக்குள் போய், பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களை வெளியே அழைத்து வந்தார்கள். பெயரைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். பின்னால் வழக்கு வராது என்ற உத்தரவாதம் இல்லை. மிச்சம் இருப்பவர்கள் உள்ளே பசியோடு இருக்கிறார்கள்.

நடைபாதை மறுபடி திறந்தது. கணக்காளர் வந்துவிட்டார். ரயில், சீனப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய 'பல்கலைக்கழகம்' நிலையத்தில் நிற்காமல் வந்து மாங் காக் கிழக்கோடு முடிந்துவிடுகிறது, அங்கிருந்து நடை. திங்கள் இரவு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்தாராம்.

"உங்களுக்கு உள்ளே யாரும் இல்லையே?"

"வெளியே சீருடையில் என் அக்காள் மகன் நின்றிருப்பான். உள்ளே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இருப்பார்கள். இரண்டு பக்கமும் எனக்கு ஆள் இருக்கிறது."

நவம்பர் 24, ஞாயிறு

மாவட்டக் கவுன்சில் தேர்தல். தள்ளிவைத்துவிடுவார்கள் என்று வாரம் முழுக்கப் பேச்சு. தள்ளிவைக்கவில்லை. சாதாரணமாக இந்தக் கவுன்சிலுக்குக் குப்பைத் தொட்டி, நடைபாதைக் கூரை, பஸ் நிறுத்தம் போன்ற வேலைகள்தான். ஆனால் ஏறக்குறைய எல்லா இடங்களுக்கும், எல்லோருக்கும் வாக்குரிமையோடு, ஊர் முழுக்க ஒரே நாளில் நேரடியாக நடக்கும் தேர்தல் இது ஒன்றுதான். அதனால் தங்கள் ஆறு மாதப் பேச்சையும் மக்கள் இந்தச் சீட்டில் எழுதப்போகிறார்கள்.

இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம். காக்காவுக்கு வாக்கு உண்டு. பல வருடங்களாக இருந்தும் ஒரு முறையும் போனதில்லையாம். நேற்று இரவு போன் செய்து, "துணைக்கு வருகிறீர்களா?" என்றார்.

வாக்குச்சாவடி ஏழரை மணிக்குத் திறந்தது. எட்டு மணிக்கு நாங்கள் ஹங் ஹாமின் வாம்போவா குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனபோது வரிசை கட்டடத்தைச் சுற்றி, பூங்காவைச் சுற்றி, பஸ் நிறுத்தம் வரை வந்திருந்தது. கலவரத் தடுப்பு உடையில் போலீசார் ஓரமாக நின்றார்கள். கோஷம் இல்லை, கறுப்புச் சட்டைகூட அதிகம் இல்லை. நாய்க்குட்டியோடு ஒருவர், சக்கர நாற்காலியில் தாயைத் தள்ளிக்கொண்டு ஒருவர், கையில் அரிசிக் கஞ்சிப் பொட்டலத்தோடு ஒரு டாக்ஸி ஓட்டுநர். பதினோரு நாளாகச் சுரங்கச் சாலை மூடிக் கிடப்பதால் அதிகம் அவதிப்பட்டவர்கள் இந்தப் பகுதிக்காரர்கள்தான். கண்ணீர்ப் புகை இவர்களுடைய ஜன்னல்களுக்குள் வந்திருக்கிறது. தொல்லை தந்தவர்களைத் தண்டிக்க வேண்டுமென்றால் இன்று அதற்கு நாள்.

டாக்ஸி ஓட்டுநரிடம் கேட்டேன். வருமானம் பாதியாகிவிட்டது என்றார். அப்படியானால் யாருக்குப் போடுவீர்கள்? சிரித்துக்கொண்டே ஐந்து விரலை விரித்து, சட்டென்று மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

காக்கா ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று வாக்களித்துவிட்டு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முகத்தில் மட்டும் ஒரு தெளிவு. "நல்ல வரிசை தம்பி. ஒருவரும் முண்டவில்லை," என்றார்.

இந்த வார இறுதியில் கண்ணீர்ப் புகை இல்லை. இரவு பத்தரைக்கு வாக்குச்சாவடி மூடியதும் அக்கம்பக்கத்தார் உள்ளே போய் எண்ணிக்கையைப் பார்க்க நின்றார்கள். அது இங்கே வாக்காளரின் உரிமை.

நவம்பர் 25, திங்கள்

வாக்களித்தவர்கள் 29 லட்சத்துக்கும் மேல், 71 சதவீதம். 2015இல் 47 சதவீதம்தான். மொத்தம் 18 கவுன்சில்களில் 17, போராட்டத்தின் பக்கம் நிற்கும் ஜனநாயக அணியின் கைக்கு வந்துவிட்டன. அக்டோபரில் சுத்தியலடி பட்ட ஜிம்மி ஷாம் ஜெயித்துவிட்டார். அரசுத் தரப்பின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜூனியஸ் ஹோ தோற்றுவிட்டார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இடங்களின் எண்ணிக்கை காட்டுவதுபோல வாக்குகள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடவில்லை. ஜனநாயக அணிக்கு ஏறக்குறைய 57 சதவீதம், அரசு ஆதரவு அணிக்கு 41 பக்கம். பத்தில் நாலு பேர் மறுபக்கம் நின்றிருக்கிறார்கள். படிக்கட்டில் சிகரெட் பிடித்த மெருகுத் தொழிலாளி எந்தப் பக்கமோ. ஆனாலும் சாலை மறிக்கப்பட்டு, ரயில் நின்று, கடைகளின் கண்ணாடி உடைந்து, ஒரு மாணவரும் ஒரு முதியவரும் இறந்து, அதன் பிறகும் தொல்லைப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் தொல்லை தந்தவர்களை எதிரி என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். கேட்டுக்கொண்டே வந்த கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் யாரும் தர முடியாது. கேரி லாம் மக்களின் கருத்தைப் பணிவோடு கேட்பதாக அறிக்கை விட்டிருக்கிறார். கோரிக்கைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நவம்பர் 27, புதன்

அதிகாலை ஐந்து மணிக்குச் சுரங்கச் சாலை திறந்தது. பாதுகாப்பு வண்டி ஒன்பதரைக்கு வந்து பொதிகளை எடுத்துக்கொண்டு போனது. ஆர்டரில் மூன்றில் ஒரு பங்கை வாங்குகிறவர் ரத்து செய்துவிட்டார். காக்கா அதற்காக அரைமணி நேரம் போனில் வாதாடித் தோற்று, பிறகு அடுத்த ஆர்டருக்கான கற்களை என் முன்னால் கொட்டினார். பாலிடெக்னிக் இன்னும் வளையத்துக்குள்தான் இருக்கிறது. உள்ளே இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று பல்கலைக்கழக ஊழியர்கள் அறை அறையாகத் தேடுகிறார்கள். எங்கள் மாடிப் பட்டறை திறந்துவிட்டது, மெருகுத் தொழிலாளி வேலைக்கு வந்திருக்கிறார். போன வாரச் சம்பளம் வராதாம்.

கணக்காளர் இன்று மகிழ்ச்சியாக இருந்தார். திங்கட்கிழமை காலை தாய் போ ரயில் நிலைய வாசலில் அவருடைய பகுதியின் புதிய கவுன்சில் உறுப்பினர் நின்று, போகிற வருகிறவர்களுக்குக் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தாராம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, மேல்சட்டை அளவு பெரிதாக இருந்தது, யாரிடமோ கடன் வாங்கியிருப்பான் என்றார்.

"என்ன பேசினீர்கள்?"

"பல்கலைக்கழக ரயில் நிலையத்தை எப்போது திறப்பார்கள், நான் எப்போது ஒழுங்காக வேலைக்குப் போவது என்று கேட்டேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, விசாரித்துச் சொல்கிறேன் என்றான். கைபேசி எண்ணும் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், இல்லையென்றால் நானே கூப்பிடுவேன்."